மூன்று மொழி பேசிய மகளும் நாங்கள் கட்டிய கட்டணமும்

இரண்டு மூன்று மொழிகள் புழங்கும் வீட்டில் வளரும் குழந்தையை மழலையர் பள்ளியில் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. குழந்தை மொழிகளைக் கலந்து பேசுகிறது, ஆகவே அதன் பேச்சில் குறை இருக்கிறது என்று ஒரு பள்ளி சொன்னதிலிருந்து தொடங்கி, ஏறக்குறைய ஒரு கல்வியாண்டையும் 55,000 ரூபாய்க்கு மேலான பணத்தையும் நாங்கள் இழந்தோம். பணத்தைவிடப் பெரிய இழப்பு, அந்தக் காலம் முழுவதும் ஒரு பாட்டியும் பேத்தியும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த மொழியை நிறுத்திவைக்க நேர்ந்ததுதான். அப்போது யாராவது ஒருவர் எங்களை உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்கியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில் இருக்கிறது. ஊர் வழக்கில் சொன்னால் என் கணவருடையது 'சொல்தா வீடு', அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு. மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு இருந்தது. மாமனாரின் தகப்பனார் அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். அத்தை பிரான்சில் நெடுங்காலம் குடித்தனம் நடத்தியவர். தமிழ் சரளமாகப் பேசுவார் என்றாலும், குழந்தையைக் கொஞ்சும்போதும் அதட்டும்போதும் அவர் வாயில் பிரெஞ்சுதான் வரும். நான் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் வளர்ந்தவள். பிரெஞ்சு பாதி புரியும், பேச வராது. கணவர் என்னிடம் தமிழிலும் தன் தாயிடம் இரண்டையும் கலந்தும் பேசுவார். ஆங்கிலமோ மாடி வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தும் கைபேசியிலிருந்தும் யாரும் அழைக்காமலே வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் மகள் இரண்டரை வயதில் எப்படிப் பேசினாள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வந்த சிக்கல் முழுவதும் இதைச் சரியாகக் கவனிக்காததால் வந்தது. தாகம் எடுத்தால் பாட்டியிடம் போய், "மெமே, துலோ குடு" என்பாள். என்னிடம் வந்தால் "அம்மா, தண்ணி குடு" என்பாள். பூனையைக் கண்டால் "ஷாவுக்குப் பால் குடு, அது ஹங்க்ரியா இருக்கு" என்பாள். பார்வைக்கு மூன்று மொழிகளும் ஒரே வாக்கியத்தில் சிதறிக் கிடப்பதுபோலத் தோன்றும். ஆனால் உற்றுக் கேட்டால், பெயர்ச்சொல் பிரெஞ்சாக இருந்தாலும் அதற்குப் பின்னால் 'உக்கு' என்ற வேற்றுமை உருபு தமிழ் முறைப்படி சரியான இடத்தில் ஒட்டியிருக்கும். ஆங்கிலச் சொல்லோடு 'ஆ' சேர்ந்து 'இருக்கு' என்று முடியும். வினை எப்போதும் கடைசியில்தான் வரும். வாக்கியத்தின் எலும்புக்கூடு தமிழ், இடையில் நின்ற சொற்கள் மட்டும் யாரிடமிருந்து முதலில் கேட்டாளோ அவர்களுடைய மொழி. தெருவில் பூனையைக் காட்டி அவளுக்குப் பெயர் சொன்னவர் பாட்டி என்பதால் பூனை 'ஷா' ஆயிற்று, அவ்வளவுதான். எந்தச் சொல்லை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. என் அம்மா நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து தங்கும்போது அவரிடம் அவள் 'துலோ' கேட்டதை நான் பார்த்ததே இல்லை.

அருகிலிருந்த ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்த்தோம். முதல் சில வாரங்கள் அங்கே அவள் வாயே திறக்கவில்லை என்றார்கள். பிறகு பேசத் தொடங்கியதும் வேறு புகார் வந்தது. வகுப்பாசிரியை என்னை அழைத்து, "பாப்பா ரொம்ப மிக்ஸ் பண்றாங்க மேடம், மைண்ட்ல கன்ஃப்யூஸ் ஆகுது, லாங்வேஜ் டிலே மாதிரி தெரியுது, வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்றார். அவர் பேசிய அந்த வாக்கியத்தில் எத்தனை மொழிகள் கலந்திருந்தன என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வந்தது பயம்தான். பிள்ளையைப் பற்றி ஒரு ஆசிரியர் 'டிலே' என்ற சொல்லை எடுத்துவிட்டால் பெற்ற தாய்க்கு அதற்குப் பிறகு வேறு எதுவும் காதில் விழாது. தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எண்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் பல.

பள்ளியே ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தைப் பரிந்துரைத்தது. மதிப்பீட்டுக்கு 2,500 ரூபாய். அமர்வு ஒன்றுக்கு 600 ரூபாய், மூன்று மாதத்துக்கு முன்பணமாகக் கட்டினால் 500 ரூபாய் என்றார்கள். முன்பணமே கட்டினோம், முடிந்ததும் மறுபடியும் கட்டினோம். இது தவிரப் பள்ளி 'கூடுதல் கவனிப்பு' என்று மாதம் 1,000 ரூபாய் வாங்கியது. ஆட்டோ கூலி தனி, அரைநாள் விடுப்புக்குப் பிடித்த சம்பளம் தனி. மதிப்பீடு என்று நடந்தது என்னவென்றால், ஆங்கிலத்தில் அச்சிட்ட படங்களைக் காட்டி 'வாட் இஸ் திஸ்' என்று கேட்டதுதான். மகள் தண்ணீர்ப் படத்துக்கு 'துலோ' என்றாள். பதில் தவறு என்று குறித்துக்கொண்டார்கள். பூனைக்கு 'ஷா' என்றாள், அதுவும் தவறு. இட்லித் தட்டைக் காட்டியிருந்தால்கூட நான்கு விஷயங்கள் சொல்லியிருப்பாள், ஆனால் அவர்கள் காட்டியது ஒரு கோட்டை வீட்டின் புகைபோக்கியை. குளிர்காயத் தேவையில்லாத ஊரில் குழந்தை புகைபோக்கியை எங்கே பார்க்கும்?

அதன்பின் வந்த ஆலோசனைதான் வீட்டைப் புரட்டிப் போட்டது. பிரெஞ்சை முழுவதும் நிறுத்த வேண்டும், தமிழையும் குறைக்க வேண்டும், ஆங்கிலம் ஒன்றே போதும் என்றார்கள். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. "நான் இனிமே பாப்பாகிட்ட எதுல பேசறது?" என்று அவர் கேட்டபோது என் கணவர் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அத்தை பேத்திக்குச் சோறு ஊட்டுவார், தலை பின்னுவார், ஆனால் பேச்சைச் சைகையாகக் குறைத்துக்கொண்டார். குழந்தை 'மெமே' என்று ஓடிப்போய் ஏதாவது சொன்னால், என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். நான் எனக்கே ஒட்டாத ஆங்கிலத்தில் 'கம், ஈட், சிட்' என்று கட்டளைகளாகப் பேசினேன். கதை சொல்லவோ, கேலி செய்யவோ, தெருவில் போகிற ஐஸ் வண்டியைப் பற்றி நாலு வார்த்தை பேசவோ அந்த ஆங்கிலம் எனக்கு உதவவில்லை. விளைவு, மகள் முன்பு கலந்து பேசியதுபோய் இப்போது பேசுவதையே குறைத்தாள். அதையும் 'டிலே' உறுதியானதற்கு அடையாளம் என்றே மையத்தில் எழுதினார்கள். வீட்டுக்குள் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்ட அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

திருப்பம் வேறொரு காரணத்துக்காகப் போன இடத்தில் வந்தது. காய்ச்சலுக்குப் பார்த்த குழந்தை மருத்துவர், "காது டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் அதுவரை அதைச் சொல்லவே இல்லை. அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒரு அரசு மருத்துவமனையின் செவி, பேச்சுப் பிரிவுக்குப் போனோம். செவிப் பரிசோதனை முடிந்து கேட்கும் திறன் சரியாக இருப்பதாகத் தெரிந்தபின், அங்கிருந்த பேச்சு மொழி நிபுணர் செய்த முதல் காரியம், அத்தையையும் அழைத்து வரச் சொன்னது. ஒரு சொப்புச் சாமான் பெட்டியைத் தரையில் கொட்டி, முதலில் பாட்டியோடும் பிறகு என்னோடும் குழந்தையை விளையாடவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு தடையில்லாமல் பிரெஞ்சில் பேச அனுமதி கிடைத்த அத்தை, சொப்பில் கற்பனைக் கஞ்சி காய்ச்சத் தொடங்கியதும் மகள் விடாமல் பேசினாள். அடுத்த முறை வரும்போது அவள் சொல்லும் சொற்களை மொழி பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள் என்றார் நிபுணர். எழுதிப் பார்த்தபோதுதான், தமிழை மட்டும் எண்ணினால் குறைவாகவும் மூன்றையும் சேர்த்து எண்ணினால் வயதுக்குத் தக்கதாகவும் இருப்பது தெரிந்தது. தாமதம் எதுவும் இல்லை, பயிற்சி தேவையில்லை, வீட்டில் பழையபடி பேசுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு ஆன செலவு ஓ.பி. சீட்டும் இரண்டு முறை காத்திருந்த காலை நேரமும்தான்.

அவர் சொன்ன விளக்கத்தையும் அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். குழந்தைகள் தொடக்கத்தில் இரு மொழிகளையும் ஒரே குவியலாக வைத்திருக்கிறார்கள், பிறகே பிரிக்கிறார்கள் என்ற கருத்தை 1978 இல் வோல்டெரா, டேஷ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தாலியமும் ஜெர்மனும் பேசிய குழந்தைகளைக் கொண்டு முன்வைத்தார்கள். 'குழந்தை குழம்புகிறது' என்ற பேச்சுக்கு இந்த வகைக் கருத்துகள் வலு சேர்த்தன. ஆனால் மான்ட்ரியாலில் பிரெஞ்சு, ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த ஃப்ரெட் ஜெனசி 1989 இல் இதை மறுத்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் செய்த ஆய்வுகளில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள்கூடத் தாயிடம் தாயின் மொழியையும் தகப்பனிடம் தகப்பனின் மொழியையும் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். முன்பின் தெரியாதவரிடமும் அவருக்கு ஏற்ற மொழியை நோக்கி நகர்ந்தார்கள். என் மகள் அம்மாச்சியிடம் 'துலோ' கேட்காததும் இதுவேதான். சொற்களை எண்ணும் விஷயத்திலும், மயாமியில் ஸ்பானிய, ஆங்கிலக் குழந்தைகளைப் பார்த்து பார்பரா பியர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு, இரு மொழிகளையும் சேர்த்து எண்ணினால் அவர்கள் ஒரு மொழிக் குழந்தைகளுக்குப் பின்தங்கவில்லை என்று காட்டியது. ஆகவே ஒரே மொழியில் அச்சிட்ட படங்களை வைத்து எங்கள் மகளை அளந்த மதிப்பீடு, அளக்கத் தொடங்கும்போதே பாதியை வெளியே தள்ளிவிட்டது.

ஆனால் 'கலந்து பேசினால் பரவாயில்லை' என்பதைப் பிடித்துக்கொண்டு உண்மையான தாமதத்தைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. கடலூர் முதுநகரில் எங்கள் உறவில் ஒரு பையன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். "ரெண்டு பாஷை இல்ல, அதான் லேட்டா பேசறான், எங்க வீட்டுக்காரரும் மூணு வயசுலதான் பேசினாராம்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று வயதை நெருங்கும்போது எடுத்த பரிசோதனையில் இரு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. இரண்டு மொழி எந்தக் குழந்தைக்கும் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்காது; குறைபாடு இருந்தால் அது எல்லா மொழிகளிலும் தெரியும். எங்கள் மகளை மதிப்பிட்ட நிபுணர் எனக்கு எழுதிக் கொடுத்த அளவுகள் இவை: ஒரு வயதுக்குள் மழலை ஒலிகளும் கைகாட்டிக் கேட்பதும் இல்லாதது, ஒன்றேகால் வயதைத் தாண்டி ஏறக்குறைய 16 மாதத்துக்குள் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதில் எந்த மொழியிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாதது, எந்த வயதிலும் வந்த பேச்சு போய்விடுவது. 'பூனை போச்சு' என்பதைப் போலவே 'ஷா போச்சு' என்பதும் இரண்டு சொல் சேர்ந்த பேச்சுதான் என்பதை மறக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் முதலில் செவிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் கொஞ்ச காலம் மந்தமாகக் கேட்பதும் உண்டு. 2013 இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் செவித்திறன் குறைவும் பேச்சுத் தாமதமும் பார்க்கப்படுகின்றன; அங்கன்வாடிகளுக்கு மருத்துவக் குழு வரும். தனியார் மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்த வலையில் விழுவதில்லை என்பதால் நாமாகத்தான் அழைத்துப் போக வேண்டும்.

பள்ளியில் சேர்ந்த முதல் வாரங்களில் மகள் பேசாமல் இருந்ததும் நோயன்று. புதிய மொழி பேசும் இடத்துக்குப் போகும் சிறு பிள்ளைகள் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் வழக்கம்போல் பேசுகிறதா என்பதே பார்க்க வேண்டியது. பாட்டியோடு, அப்பாவோடு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு என்று தனித்தனியாகச் சில நிமிடங்கள் கைபேசியில் பதிவு செய்து ஆசிரியரிடமும் நிபுணரிடமும் போட்டுக் காட்டுவது ஆயிரம் வாதங்களைவிடப் பயனுள்ளது. அந்த யோசனை எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது.

பயிற்சி மையத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால், அங்கிருப்பவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்; 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தத் தொழிலைச் செய்ய அந்தப் பதிவு வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. எந்தெந்த மொழிகளில் மதிப்பிட்டீர்கள், உங்களுக்குத் தெரியாத மொழிக்கு வீட்டார் யாரையாவது துணைக்கு வைத்தீர்களா என்று கேளுங்கள். அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாத முன்பணத் தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள். நடுவில் நிறுத்தினால் மீதி திரும்பாது. எங்களுக்கு ஒரு ரூபாயும் திரும்பவில்லை, பள்ளியில் கட்டிய கூடுதல் கட்டணத்துக்கு ரசீதுகூட இல்லை. எல்லாவற்றையும்விட, வீட்டில் ஒருவருக்கு நன்றாக வரும் மொழியை நிறுத்தச் சொல்கிறவரிடம், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், இரண்டாவது கருத்து கேட்காமல் நிறுத்தாதீர்கள். நன்றாகத் தெரிந்த மொழியில் பெரியவர் பேசுகிற பேச்சின் வளத்தை அரைகுறை ஆங்கிலம் ஈடு செய்யாது.

அத்தை மறுபடி பேசத் தொடங்கினாலும் மகளிடம் பிரெஞ்சு உடனே திரும்பவில்லை. கேட்டுப் புரிந்துகொள்வாள், பதிலைத் தமிழில் சொல்வாள். 'ஒருவருக்கு ஒரு மொழி', அதாவது பெரியவர் ஒவ்வொருவரும் குழந்தையிடம் தமக்குரிய ஒரே மொழியில்தான் பேச வேண்டும் என்ற முறையைச் சிலர் கறாராகக் கடைப்பிடிக்கச் சொல்வார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் ழூல் ரொன்ழா தன் மகனை அப்படி வளர்த்து 1913 இல் எழுதிய காலத்திலிருந்து அந்த ஆலோசனை உலவுகிறது. ஆனால் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏறக்குறைய 1,900 குடும்பங்களை ஆராய்ந்து ஆனிக் டெ ஹௌவர் 2007 இல் வெளியிட்டதில், அந்த முறை கட்டாயமும் அல்ல, அது மட்டும் போதுமானதும் அல்ல என்று தெரிந்தது; சிறுபான்மை மொழி வீட்டில் எவ்வளவு புழங்குகிறது என்பதே முக்கியமாக இருந்தது. ஆகவே நாங்கள் சட்டம் போடவில்லை. மகள் "ஷா எங்க போச்சு" என்றால், நான் அவளைத் திருத்தாமல் "பூனையா? பூனை மாடிக்குப் போயிடுச்சு" என்று என் மொழியில் பதில் சொல்கிறேன், அத்தை தன் மொழியில் சொல்கிறார். 'சரியாச் சொல்லு' என்று நிறுத்திக் கேட்டால் குழந்தை சொல்ல வந்ததையே விட்டுவிடுகிறது. பாட்டிக்கு மட்டும் சில வேலைகளை ஒதுக்கினோம்: மாலைக் குளியல், தலை பின்னுவது, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவது. அந்த நேரங்களில் பிரெஞ்சு தானாகவே பெருகியது. நாங்களே வீட்டில் 'சிலிண்டர் புக் பண்ணு', 'சார்ஜ் போடு' என்று நாளெல்லாம் கலந்துதான் பேசுகிறோம், ஆகையால் தூய்மையைக் குழந்தையிடம் மட்டும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டோம்.

அடுத்த பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதத்தான் இடம் இருந்தது. அதில் தமிழ் என்று எழுதிவிட்டு, வீட்டில் யார் அவளிடம் எதில் பேசுகிறார்கள், தண்ணீர், கழிப்பறை, வலி, பசி ஆகியவற்றுக்கு அவள் என்னென்ன சொற்களைச் சொல்வாள் என்பதைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மருத்துவமனை அறிக்கையின் நகலோடு சேர்த்துக் கொடுத்தோம். புதிய ஆசிரியை அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டார். உங்கள் பிள்ளையைச் சேர்க்கும்போது அப்படியொரு தாளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். 'துலோ' என்று அழுகிற குழந்தைக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியைக்குத் தெரிந்திருப்பது நல்லது.